தலைகாட்டும் நாள்

1

“டீச்சர், நீங்க நிஜ டீச்சர் இல்லையாமே?”

இந்தக் கதை இந்தக் கேள்வியில் பிறந்தது. கேட்டது ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு சிறுமி. அதில் குறும்பு ஒன்றும் இல்லை. முந்தின நாள் மாலை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அம்மா அதை அடுப்படியில் நின்றபடியே அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை, வருகை எடுத்து முடிந்ததும், சிறுமி கையைத் தூக்கி, டீச்சர் தலையசைத்த பிறகு எழுந்து நின்று, அத்தனை மரியாதையோடு கேட்டிருக்கிறாள்.

அந்த மரியாதைதான் என்னை என்னவோ செய்தது.

நான் அந்த வகுப்பறையில் இருந்தவன் அல்ல. என் மனைவி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தர். எந்தப் பள்ளியில் யார் என்ன பாடம் எடுக்கிறார்கள், அந்தப் பாடத்துக்கு அவர்களிடம் உரிமம் இருக்கிறதா என்று பள்ளிகள் அனுப்பும் விவரங்களைத் திரட்டி, மேலிடத்துக்கு அறிக்கையாக்கி அனுப்புவது அவள் வேலை. கேள்வி அவள் காதுக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது.

“இதை எழுதப் போறேன்” என்றேன்.

“எழுதுங்க. வேண்டாம்னா விடவா போறீங்க? என்னை மட்டும் உள்ள இழுக்காதீங்க.”

இழுத்துவிட்டேன். அவள் இல்லாமல் இது நிற்காது என்பது எழுத எழுதத்தான் தெரிந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில், ஈரக் குடையுடன் அந்த ஆசிரியை தனியாக நடந்து வந்தபோது அவர் கண்களில்—’

அன்றைக்கு மழை பெய்யவில்லை. அவர் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன். எழுத உட்காருமுன் கண்ணை மூடி, ‘பொய் எழுதாமல் பார்த்துக்கொள்’ என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். கதை எழுதுகிறவன் கேட்கிற வரமா இது என்று மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தில் மழையைப் பெய்யவைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘சட்டம் நல்லதுதான்.’ இதை அடிக்கவில்லை. உண்மையிலேயே நல்ல சட்டம். தன் குழந்தைக்குப் பாடம் எடுப்பவர் அதற்குத் தகுதி பெற்றவரா என்று அறிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. யார் மறுக்க முடியும்? ஆகவே ஓர் ஆசிரியர் தன்னிடம் உரிமம் இல்லாத ஒரு பாடத்தைத் தொடர்ந்து நான்கு வாரம் எடுத்தால், பள்ளி அதை மாவட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வகுப்புக் குழந்தைகள் எல்லார் வீட்டுக்கும் கடிதம் போக வேண்டும். இன்னும் நான்கு வாரம் போனால் இன்னொரு கடிதம். மூன்றாவது கடிதம் போனால் வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படும். நடுவில் ஒரு நாள் உரிமம் உள்ள ஒருவர் அந்த வகுப்பை எடுத்தால், நான்கு வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

வாசகரே, இவ்வளவுதான் விதி. கடைசி வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டமே அந்த ஒரு வரிக்குள் குடியிருந்தது.

3

இப்போது டீச்சர்.

இவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேனா கொஞ்சம் தித்திப்பாகிவிடுகிறது. நல்லவர்களை எழுதுவதில் இந்த ஆபத்து உண்டு. ஆகவே குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சட்டென்று கோபம் வரும். விடைத்தாளைத் தாமதமாகத்தான் திருத்தித் தருவார். ஆசிரியர் அறையில் யாருடைய கோப்பையிலாவது தேநீர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்துவிடுவார் என்று ஒரு நிரந்தரப் புகார் இருந்தது.

அவரிடம் இருந்தது அறிவியல் உரிமம். கணித ஆசிரியர் ஆண்டின் நடுவில் வேறு ஊரில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டார். தலைமையாசிரியை இவரைக் கூப்பிட்டார்.

“ஏழாம் வகுப்புக் கணக்கை நீங்க பாத்துக்குங்க டீச்சர். ரெண்டே வாரம். ஆள் வந்துடும்.”

ஆள் வரவில்லை. வரவும் மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

அவர் கணக்கு நடத்திய விதத்தில் ஒன்று எனக்குப் பிடித்தது. மாலையில் வகுப்பை விட்டுக் கிளம்பும் முன் கரும்பலகையின்* வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் மறுநாளைக்கு ஒரு கணக்கு எழுதிவிட்டுப் போவார். விடை சொன்னால் மதிப்பெண் கிடையாது. சொல்லாவிட்டால் திட்டும் கிடையாது. காலையில் குழந்தைகள் மணி அடிக்கும் முன்பே வந்து அதன் முன்னால் நின்று சண்டை போடும்.

ஒரு நாள் கட்டத்துக்குள் இருந்தது: ‘நம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஒரே ஒரு முறை கைகுலுக்கினால், மொத்தம் எத்தனை கைகுலுக்கல்?’

குழந்தைகள் கைகுலுக்கியே பார்த்துவிடுவது என்று தாழ்வாரத்தில் இறங்கிவிட்டார்கள். யார் யாரோடு குலுக்கியாயிற்று என்று குழம்பி, மறுபடி முதலிலிருந்து. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வெளியே வந்து, “இங்க என்ன கட்சி மாநாடா நடக்குது?” என்று கேட்டாராம்.

அந்தக் கணக்குக்கு விடை கிடைக்கவில்லை; அன்று மாலை டீச்சர் அதையே விட்டுவைத்துப் போனார். மறுநாள் காலை கேள்வி வந்துவிட்டது. முதல் வரியில் இருக்கும் கேள்வி.

* இந்தச் சொல்லை இப்படியே விடுகிறேன். பின்னால் ஒருவர் திருத்துவார்.

4

கேள்விக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். திரும்பிப் போகலாம்.

மாவட்டத்தில் உரிமம் இல்லாத பாடத்தை எடுக்கிறவர் இவர் ஒருவர்தானா? வரலாற்று ஆசிரியர் புவியியல் எடுத்தார். உடற்பயிற்சி ஆசிரியர் கணினி எடுத்தார். ஒரு பள்ளியில் நூலகர் மூன்று பாடம் எடுத்தார். ஆனால் யார் பெயரும் அறிக்கையில் வராது. நான்கு வாரம் முடியப் போகும்போது, ஒரு நாளைக்கு மட்டும், உரிமம் உள்ள யாராவது ஒருவர் வகுப்பை எடுத்ததாகப் பதிந்துவிடுவார்கள். பெரும்பாலும் உதவித் தலைமையாசிரியரின் பெயர். கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கடிதம் போகாது.

இதற்கு அலுவலகங்களில் ‘தலைகாட்டல்’ என்று பெயர். “உங்க ஸ்கூல்ல இந்த மாசம் தலைகாட்டியாச்சா?” என்று தொலைபேசியில் சாதாரணமாகக் கேட்டுக்கொள்வார்கள். இதில் உள்ள வேடிக்கை, யாரும் தலையைக்கூடக் காட்டுவதில்லை என்பதுதான். உதவித் தலைமையாசிரியர் தன் அறையிலேயே இருப்பார். பெயர் மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வரும்.

என் மனைவிக்கு இது தெரியும். அவளுடைய பிரிவு அதிகாரிக்கு நன்றாகவே தெரியும். அவருக்கு அலுவலகத்தில் ‘சுத்தம் சார்’ என்று பெயர். எதைக் கொண்டுபோய் வைத்தாலும், “சுத்தமா இருக்கா?” என்பார். சுத்தமாக இருந்தால் படிக்கமாட்டார்.

அந்த ஏழாம் வகுப்பின் நான்கு வாரம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, என் மனைவி டீச்சருக்குத் தொலைபேசி செய்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் செய்தாள்.

“டீச்சர், நான் மாவட்ட ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க கணக்கு வகுப்புக்கு ஒரு நாள் யார் பேரையாவது போட்டுடச் சொல்லுங்க. எல்லாரும் போடறாங்க. இல்லேன்னா வீட்டுக்கெல்லாம் லெட்டர் போயிடும்.”

“யாரு வந்து எடுப்பாங்கம்மா?”

“யாரும் வர வேண்டாம். பேரு மட்டும்.”

“முப்பத்தெட்டுப் பசங்க அந்த ரூம்ல இருக்கும்மா. யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு அதுங்களுக்குத் தெரியும். வராதவங்க வந்ததா நான் எப்படி எழுதட்டும்? நிஜமா ஒருத்தர் வந்து ஒரு நாள் எடுக்கட்டும், சந்தோஷமா எழுதறேன்.”

“நிஜமா வர்றதுக்கு ஆள் ஏது டீச்சர்?”

“அப்ப உள்ளதை எழுதிடறேன்.”

போனை வைத்துவிட்டு மனைவி என்னிடம் சொன்னது: “பிழைக்கத் தெரியாதவங்க.” சொன்ன குரலில் எரிச்சல் பாதி. மீதி என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடிதம் போயிற்று. ‘தங்கள் குழந்தைக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் அப்பாடத்துக்கு உரிய தகுதி பெற்றவர் அல்லர் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.’ கீழே தலைமையாசிரியையின் கையெழுத்து. ரெண்டே வாரம் என்று சொன்னவரின் கை.

5

கேள்விக்கு டீச்சர் என்ன பதில் சொன்னார்?

நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

[“உனக்குப் புரியற மாதிரி யார் சொல்லித் தர்றாங்களோ அவங்கதான் நிஜ டீச்சர்.”] கைதட்டலுக்கு எழுதினது.

[“அறிவியலுக்கு நான் நிஜ டீச்சர். கணக்குக்கு உங்க கூடப் படிக்கறவ.”] இது நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.

[அவர் அழுதுவிட்டார்.] இல்லை.

அவர் சொன்னது, “உட்காரும்மா.” அவ்வளவுதான். சிறுமி உட்கார்ந்தாள். டீச்சர் அன்றைய பாடத்தை நடத்தினார். மாலையில் கிளம்பும்போது பலகையைத் துடைத்தார். மூலைக் கட்டத்தைத் துடைக்கவில்லை, புதிதாகவும் எழுதவில்லை. கைகுலுக்கல் கணக்கு அப்படியே நின்றது. அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும். காலையில் சீக்கிரம் வருவதைக் குழந்தைகள் நிறுத்திவிட்டார்கள்.

6

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் இதில் என் மனைவி இருக்கிறாள்.

மாவட்டம் முழுக்கப் பார்த்தால் ஒரே ஒரு பள்ளியில்தான் தகுதிக் குறைவு. மேலிடத்துக்கே இது விசித்திரமாகப் பட்டது. ஒரு தணிக்கையாளர் வந்தார். மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறையில் டீச்சரை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் சுத்தம் சார். மேஜையின் ஓரத்தில் குறிப்பெடுக்க என் மனைவி.

அதுவரை இருவரும் நேரில் பார்த்ததில்லை. அறைக்குள் டீச்சர் வந்ததும் மனைவி தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்து, “தண்ணி குடிங்க டீச்சர்” என்றாள். டீச்சர் சட்டென்று அவளைப் பார்த்தார். குரல் தெரிந்துவிட்டது.

தணிக்கையாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“மத்த ஸ்கூல்ல எல்லாம் இந்தப் பிரச்சினையே இல்லையே, எப்படி?”

“இருக்கு சார். ஒரு நாள் யார் பேரையாவது போட்டுடறாங்க. அப்படி ஒரு வழக்கம் இருக்கு. எழுதிக்குங்க.”

சுத்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“ஒருத்தர் சொன்னாங்க.”

“யாரு?”

என் மனைவியின் பேனா தாளின் மேல் நின்றது. டீச்சர் சொன்னால் அன்றோடு அவளுக்கு வேலை போயிருக்கும். எங்கள் வீட்டில் மாதாமாதம் வருகிற சம்பளம் அது ஒன்றுதான். என் புத்தகங்கள் கொண்டுவருவது நன்றிக் கடிதங்கள் மட்டுமே. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதைச் சொல்ல மாட்டேன் சார். நல்லெண்ணத்துல சொன்னவங்க.”

“பேர் இல்லாம நான் எப்படிம்மா நடவடிக்கை எடுக்கறது? இவ்வளவு பேர் மேல குற்றம் சொல்றீங்க, ஒரு சாட்சி வேண்டாமா?”

“எனக்கு யார் மேலயும் நடவடிக்கை வேண்டாம். ஒரு கணக்கு டீச்சர் அனுப்புங்க, போதும்.”

தணிக்கையாளர் பெருமூச்சு விட்டு, என் மனைவியின் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொன்னார்: ‘சம்பந்தப்பட்ட ஆசிரியர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை.’

என் மனைவி எழுதினாள். தன் கையால். அவள் எழுத்து அழகாக இருக்கும்.

7

இங்கே ஒரு முடிவு இருக்கிறது. எழுதியும் பார்த்தேன்:

‘அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். “சார், சொன்னது நான்தான்” என்றாள். அறையில்—’

மனைவியிடம் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுப் படித்தாள்.

“நல்லா இருக்கு.”

“நிஜமாவா?”

“ம்ம். படிக்கறவங்களுக்கு நல்லா இருக்கும். நான் எந்திரிக்கல. பேனாவைக் கீழ வைக்கல. முற்றுப்புள்ளி வரைக்கும் எழுதினேன். அதையும் எழுதுங்க, உங்களுக்குத்தான் பொய் ஆகாதே.”

“பயந்துட்டே, அதுல என்ன தப்பு?”

“தப்பில்லைன்னு சொல்லி என்னைத் தட்டிக்குடுக்காதீங்க. அந்தம்மா பயப்படலையா? அவங்களுக்கு மட்டும் வேலை போனா வேற வேலை மரத்துல காய்க்குதா?”

நறுக்கத் தொடங்கினாள். அன்றைக்குக் காய் மிகவும் பொடியாக இருந்தது.

ஆகவே அந்த முடிவை அடித்துவிட்டேன். அடித்த கோடு தெரியட்டும்.

8

என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். கதைக்கு வேண்டாம் என்று நினைத்தேன். வேண்டியிருக்கிறது.

அவள் கணித ஆசிரியர் பயிற்சி முடித்தவள். உரிமமும் வாங்கினாள். வேலை கிடைக்கவில்லை; எழுத்தர் வேலை கிடைத்தது. போய்விட்டாள். ஆனால் அந்த உரிமத்தைக் காலாவதியாக விட்டதே இல்லை. புதுப்பிக்கும் தேதி வந்தால் கட்டணம் கட்டிப் புதுப்பித்துவிடுவாள். “ஓட்டாத வண்டிக்கு எதுக்கு வரி கட்டறே?” என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். “இருக்கட்டும்” என்பாள். பீரோவின் மேல்தட்டில், கல்யாணப் புகைப்படத்துக்கு அடியில் அந்த அட்டை இருக்கும். ஒரு நாளும் ஒரு வகுப்பில் நின்றதில்லை. ஆனால் சட்டப்படி அவள் கணித ஆசிரியர். இத்தனை மாதமாக முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்குக் கணக்கு நடத்துகிறவர் சட்டப்படி கணித ஆசிரியர் அல்லர்.

இரண்டாவது கடிதமும் போயிற்று. இந்த முறை சில பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். உன் பிள்ளைக்குத் தகுதியில்லாதவர் பாடம் எடுக்கிறார் என்று அரசாங்கத்தாளில் அடித்து அனுப்பினால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

டீச்சர் கணித உரிமத் தேர்வுக்கு விண்ணப்பித்தார். தேர்வு ஒரு வேலை நாளில், தொலைவில் ஒரு நகரத்தில். மூன்றாவது நான்கு வாரம் முடியும் அதே வாரத்தில் அது வந்தது. தேர்வு முடிவு வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மூன்றாவது கடிதம் போய்விடும். வகுப்பு போய்விடும். அவர் நன்றாகவே தேர்வு எழுதினாலும், முடிவு வரும்போது அந்த ஏழாம் வகுப்பு அவருடையதாக இருக்காது.

“அன்னைக்கு வகுப்பை யாரு பாத்துக்குவாங்க?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“லைப்ரரி ஹால்ல உட்கார வெச்சுடுவாங்க. வாட்ச்மேன் இருப்பாரு.”

9

இனிமேல் வருவது எதையும் நான் பார்க்கவில்லை. மனைவி சொல்லவும் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டீச்சர் தேர்வு எழுதப் போன நாளில் அவள் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாள். மத்தியானம் ஒரு வேலையாக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “அவங்க இன்னைக்கு லீவு சார், உங்களுக்குத் தெரியாதா?” என்றார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். (பார்த்தீர்களா, பொய் எவ்வளவு சுலபம்.) பீரோவைத் திறந்தேன். கல்யாணப் புகைப்படம் இருந்தது. அட்டை இல்லை.

மாலையில் வந்தாள். குரல் கம்மியிருந்தது. நாள் முழுக்கப் பேசாத வேலை செய்கிறவளுக்கு.

“தொண்டை ஏன் இப்படி?”

“ஏசி.”

அவள் அலுவலகத்தில் ஏசி கிடையாது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

ஆகவே எழுதிப் பார்த்தேன். ஒரு நாள் மாற்று ஆசிரியராக வர, உரிமம் உள்ள யாரும் பெயர் கொடுக்கலாம் என்று விதியில் இருக்கிறது. அவள் பெயர் கொடுத்திருப்பாள். தலைமையாசிரியை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருப்பார்.

‘“அட, நீங்களே தலைகாட்டறீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. பேரை மட்டும் குடுத்துட்டுப் போங்கம்மா, வெயில்ல எதுக்கு அலையணும்?”

“இல்லீங்க. வகுப்பு எடுக்கத்தான் வந்திருக்கேன்.”

“எல்லாப் பீரியடுமா?”

“எல்லாப் பீரியடும்.”

வகுப்பில் நுழைந்தாள். கரும்பலகையில் தன் பெயரை எழுதத் திரும்பி, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். முதல் பெஞ்சுச் சிறுமி கையைத் தூக்கினாள். “நீங்க நிஜ டீச்சரா?”

“இல்லம்மா. நிஜ டீச்சர் பரீட்சை எழுதப் போயிருக்காங்க.”’

எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். எழுத்தை மட்டும் பார்க்கிற முகத்தோடு படித்தாள்.

“கற்பனை ஜாஸ்தி உங்களுக்கு.”

“நடக்கலையா?”

“எதுவும் நடக்கல. நான் எங்கயும் போகல.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கதவு வரை போனவள் நின்றாள். “கரும்பலகைன்னு எழுதியிருக்கீங்க. முன்னாடியும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. அந்த ரூம்ல பச்சைப் பலகை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

10

பள்ளி ஆண்டு முடியும் முன்பே ஆண்டறிக்கை போயிற்று. மாவட்டத்தில் அந்த ஒரு பள்ளியைத் தவிர எல்லாப் பள்ளிகளிலும் எல்லா ஆசிரியர்களும் முழுத் தகுதி பெற்றவர்கள். சுத்தம் சார் அலுவலகத்துக்கு ஒரு கேடயம் வந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். அறிக்கையைப் பிழையின்றித் தொகுத்ததற்காக என் மனைவிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஏழாம் வகுப்புப் பள்ளிக்குக் குறைபாடுள்ள பள்ளி என்று பெயர். அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகையில் ஒரு பங்கு குறையும். அதில்தான் புதுக் கணித ஆசிரியர் போடுவதாக இருந்தார்களாம்.

கசப்போடு முடிக்க வேண்டுமானால் இங்கே முடிக்கலாம். நேர்மையான முடிவு. எந்த விமரிசகரும் குறைசொல்ல மாட்டார்.

டீச்சர் தேறினாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இதை எழுதும்போது முடிவு வரவில்லை. வந்த பிறகும் நான் இங்கே சேர்க்கப்போவதில்லை. தேறினால், ‘பார், நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும்’ என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். தேறாவிட்டால், ‘உலகம் இப்படித்தான்’ என்று மூடிவிடுவீர்கள். இரண்டு மூடலுக்கும் நான் கதவு பிடிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். மூன்றாவது கடிதம் போகவில்லை. அந்த வாரத்தில், உரிமம் உள்ள ஒருவர் ஒரு நாள் வகுப்பை எடுத்திருந்தார். நிஜமாகவே எடுத்திருந்தார். கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. இன்றைக்கு வரை அந்த வகுப்பு டீச்சரிடம்தான் இருக்கிறது.

ஆகவே அந்த நாளின் மாலைக்குத் திரும்புகிறேன். ‘சாட்சி யாரும் இல்லை’ என்று எழுதத்தான் ஆசை. மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிறவன் அப்படி எழுதக் கூடாது. மனிதர் யாரும் இல்லை என்று எழுதுகிறேன். நானும் இல்லை. வாசகரே, நீங்களும் இந்த ஒரு பத்திக்குக் கொஞ்சம் தள்ளி, தாழ்வாரத்தில் நில்லுங்கள்.

கடைசி மணி அடித்துக் குழந்தைகள் போய்விட்டார்கள். பெஞ்சுகள் கோணலாகக் கிடந்தன. அவள் பச்சைப் பலகையைத் துடைத்தாள். வலது மூலைக்கு வந்ததும் துடைப்பானைக் கீழே வைத்தாள். கட்டத்துக்குள் அந்தப் பழைய கணக்கு பாதி அழிந்து, பாதி தெரிந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டுப் பேர், எல்லாரும் எல்லாரோடும் ஒரே ஒரு முறை. மங்கிய எழுத்துகளின் மேல் சாக்பீஸை ஓட்டித் தெளிவாக்கினாள். தன் எழுத்து தெரியாதபடி, டீச்சரின் எழுத்தின் வளைவுகளிலேயே போனாள். பிறகு அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தாள். கையைத் தட்டிக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அந்த வரியை யார் முதலில் பார்த்தார்கள், விடை வந்ததா, வராமல் மறுபடியும் கைகுலுக்கித்தான் பார்த்தார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கணக்கை மட்டும் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். போட்டுப் பாருங்கள்.

‘டீச்சரையும் சேர்த்துக்கொண்டால் எத்தனை?’